முயல் பாத்திரத்தில் சூடான சூப்

"சூப்பைக் கொதிக்கக் கொதிக்க இதிலேயே கொண்டு வாங்க" என்று ஹாஜி இந்தியில் சொன்னதும் கல்பனா மேடத்தின் முகம் மாறிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் நான் துபாயில் பழம்பொருள் ஷோரூம் ஒன்றில் சேல்ஸ்மேனாக இருந்தேன். கோயம்புத்தூர்க்காரரான கல்பனா மேடம்தான் மேனேஜர். வெள்ளிக்கிழமை லீவு. இருந்தும் அன்று ஷார்ஜாவில் கஸ்டமர் வீட்டுக்கு இரண்டு பேரும் டூட்டிக்குப் போயிருந்தோம். காரணம் ஒரு முயல்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்த பீங்கான் முயல். நிஜ முயலின் அளவு, வாயில் ஓர் இலை. முதுகுதான் மூடி. தூக்கினால் வயிற்றுக்குள் சூப் ஊற்ற இடமிருக்கும். விருந்தாளிகளை அசத்த அந்தக் காலத்துப் பிரபுக்கள் மேஜையில் வைத்த பாத்திரம். அந்த வீட்டுப் பெரியவரை எல்லோரும் ஹாஜி என்பார்கள். விருந்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அலங்காரமாக வைப்பார் என்று நாங்கள் நினைத்தோம்.

கிளப்பிவிட்டது அவருடைய மச்சான். "சூப் ஊத்த முடியாதுன்னா இது வெறும் பொம்மை. உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க" என்று அரபியில் சொல்லிச் சிரித்தார். ஹாஜி ரோஷக்காரர். முயலை என் கையில் கொடுத்து கிச்சனுக்கு அனுப்பிவிட்டார்.

மேடமும் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க சேகர், இது சாஃப்ட் பேஸ்ட் பீங்கானுங்க. கொதிக்கிறதை ஊத்துனா பட்டுனு விரிஞ்சு போயிருமுங்க."

"ஹாஜிகிட்ட சொல்லிரலாமா மேடம்?"

"மச்சான் முன்னாடியா? அவரு மானமும் போயிரும், நம்ம சேல்ஸும் போயிரும்." கொஞ்சம் யோசித்தவர் என் பையைப் பார்த்தார். "உங்க டிபன் பாக்ஸ் நீளவாக்குல இருக்குமில்லீங்க?"

"அதுல என் சாப்பாடு இருக்கு மேடம்."

"சாப்பிட்டுப்போடுங்க. வெரசா."

ரூம்மேட் கட்டிக்கொடுத்த புளிசாதத்தை நின்றபடியே விழுங்கினேன். சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவியும் பெருங்காய வாசனை போகவில்லை. முயலின் வயிற்றில் தடியான டவலை மடித்துப் போட்டு, ஸ்டீல் டப்பாவை அதன்மேல் உட்கார வைத்து, சூப்பை ஊற்றி முதுகை மூடினோம். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

மேஜையில் ஹாஜி முதுகைத் தூக்கினார். ஆவி பறந்தது. விருந்தாளிகள் மாஷா அல்லா என்றார்கள். கரண்டியை உள்ளே விட்டார். டங் என்றது.

ஹாஜியின் கை நின்றது. உள்ளே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கரண்டியை அவர் மெதுவாக, எங்கும் இடிக்காமல் மொண்டபோதுதான் மூச்சு வந்தது.

மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன வாசனை?" என்றார்.

"பழைய பீங்கான்ல அப்படித்தான் வரும்" என்றார் ஹாஜி. மச்சான் இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

சாப்பாடு முடிந்ததும் ஹாஜி கிச்சனுக்கு வந்து முயலின் வயிற்றிலிருந்து டப்பாவை வெளியே எடுத்தார். "இது யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"முயலை எடுத்துக்கறேன். ஆனா அடுத்த மாசம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. இதுவும் வேணும்."

"அது செட்டோட வர்றதுதான் சார்" என்றார் மேடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சேல்ஸுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பொருளைப் பற்றி நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். மேடம் படித்திருந்ததால்தான் முயல் பிழைத்தது. ஆனால் வாங்குகிறவர் யார் முன்னால் தலைநிமிர ஆசைப்படுகிறார் என்பதையும் கவனியுங்கள். ஹாஜி அன்று காசு கொடுத்தது மச்சானின் வாயை அடைப்பதற்கு.