தரையில் கிடந்த மூட்டைகள்

மாலை நாலேகாலுக்குச் செய்தி வந்தது. மாமாவின் சட்டைப் பையில் இருந்த அட்டையில், அவசரத்துக்கு அழைக்க என் எண்ணைத்தான் எழுதி வைத்திருந்தார். அக்கா வேலை செய்த, பேருந்துகளை ஓட்டிப் பார்க்கும் சோதனைத் திடலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. பேருந்து கவிழ்ந்துவிட்டது, ஆறு பேர் இறந்துவிட்டார்கள் என்றார் போலீஸ்காரர். "உங்களுக்கு அவர் என்ன வேணும்?" என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரர் என்றேன். அதன் பிறகு அவர் குரல் தணிந்துவிட்டது.

திடலின் வாசலுக்கு ஓடினேன். காவலாளி உள்ளே போய் அக்காவை அழைத்து வந்தார். எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"எந்த வண்டி?" என்றாள். சொன்னேன்.

"காலியா வந்துச்சா, நிறைஞ்சு வந்துச்சா?"

காவலாளி இதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். புருஷன் செத்ததுக்கு இப்படியும் ஒரு பொம்பளை கேட்பாளா என்று. அன்றைக்கு எனக்கும் அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. அந்த இரண்டு கேள்விகளுக்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

அக்கா பேருந்துகளுக்கு ஷாக் அப்சார்பர் பொருத்திச் சோதிப்பவள். பதினோரு வருட வேலை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆடுகிற மேசை ஆகாது. பெண் பார்க்க வந்த மாமாவைப் பதிலுக்குப் பார்க்க நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது, பேச்சுக்கு நடுவே மண்டியிட்டு, அவர்கள் மேசையின் காலுக்கு அடியில் காகிதத்தை மடித்துச் செருகினாள். அம்மாவுக்கு மானமே போய்விட்டது. மாமா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "மேசையே ஆடக்கூடாதுங்கிறவங்க. இனி நான் எங்க ஆடறது?" என்றார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். தினமும் ஒரு மணி நேரம் பேருந்தில் போய் வருவார். அக்கா கை வைத்த வண்டியில் வந்த நாளில், "இன்னிக்கு உன் மடியிலதான் உட்கார்ந்து வந்தேன்" என்பார். அவள், "மூஞ்சியைப் பாரு" என்பாள்.

அவள் வேலையை எனக்கு ஒருமுறை தண்ணீர் வாளியை வைத்து விளக்கினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பினால் தண்ணீர் சாயும், சிந்தாது. சட்டென்று இந்தப் பக்கம் திரும்பி, உடனே அந்தப் பக்கம் திரும்பினால், இரண்டாவது திருப்பத்தில்தான் சிந்தும். பேருந்தும் அப்படித்தான். குறுக்கே ஏதோ வருகிறது, ஓட்டுநர் வெட்டித் திருப்புகிறார், மறுபடி சாலைக்குத் திருப்புகிறார். முதல் ஆட்டம் அடங்குமுன் இரண்டாவது சேர்ந்துகொள்கிறது. அந்த நொடியில் ஷாக்குக்குள் எண்ணெய் ஓடும் துளை சுருங்கி, அது இறுகிப் பிடிக்க வேண்டும். எப்போது இறுக வேண்டும் என்று சொல்ல வண்டிக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. ஸ்டீயரிங் எவ்வளவு வேகமாகத் திரும்பினால் இறுக வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குள் ஒரு எண் இருக்கிறது. அக்கா அதில் நாற்பது வைத்திருந்தாள்.

நாற்பதில் வண்டி அடிக்கடி இறுகியது. குண்டும் குழியுமான சாலையில் பயணிகளின் இடுப்பு ஒடிந்தது. புகார்கள் வந்தன. சோதனைப் பிரிவின் அதிகாரி அதை எழுபதாக்கச் சொன்னார். அப்படியானால் ஸ்டீயரிங்கை இன்னும் வேகமாகத் திருப்பினால்தான் இறுகும். எதற்கெடுத்தாலும் "சொகுசு, சொகுசு" என்பவர். திடலில் அவருக்குப் பெயர் மெத்தை.

எழுபதை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி தேறியது. தேறாமல் எங்கே போகும்? ஆட்களுக்குப் பதிலாக ஏற்றும் மணல் மூட்டைகள் எல்லாம் வண்டிக்குள் தரையில் கிடந்தன. தொண்ணூறு மூட்டைகளை இருக்கைகளில் தூக்கி வைத்துக் கட்ட இரண்டு நாள் ஆகும். இருக்கைகளுக்கு நடுவே நடைபாதையில் அடுக்கினால் ஒரு மணி நேரம். எடை ஒன்றுதான், ஆனால் உயரம் வேறு. மனிதன் தரையில் படுத்துக்கொண்டா பயணம் செய்கிறான்? பல வருடங்களாகத் திடலில் அதுவே வழக்கம். எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "உனக்கு வேற வேலை இல்லியாம்மா?" என்றார் மெத்தை. தாளில் அவர் கையெழுத்துக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கடுத்த மாதம்தான் மாமா சொன்னார்: "இப்பல்லாம் உன் வண்டி தொட்டில் மாதிரி இருக்கு."

விபத்து நடந்த அன்று நாய் ஒன்று குறுக்கே ஓடியிருக்கிறது. எழுபது வைத்த வண்டி, நிறைந்த வண்டி. இரண்டாவது திருப்பத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்தது. மாமா ஏழாவது வரிசையில், இடப்பக்க ஜன்னலோரம் இருந்தார். விசாரணையில் ஓட்டுநர் மேல் பழியைப் போட்டு முடித்தார்கள். அவரும் செத்துப்போயிருந்ததால் எதிர்த்துப் பேச ஆளில்லை.

மெத்தை துக்கம் விசாரிக்க வந்தார். "எல்லாம் விதிம்மா" என்றார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கண்ட பிறகு எனக்கு அவள் மேல் இருந்த ஆத்திரம் போய்விட்டது. எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது.

பத்தே நாளில் வேலைக்குத் திரும்பினாள். எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. புது மாதிரி வண்டிக்கு ஒப்புதல் வாங்கும் நாள் வந்தது. வாங்கப்போகிற கம்பெனிக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அதற்கு முந்தின இரண்டு நாளும் அக்காவும் சோதனை ஓட்டுநரும் தொண்ணூறு மூட்டைகளையும் இருக்கைகளில் ஏற்றி வாரால் கட்டியிருந்தார்கள். ஏழாவது வரிசையில் இடப்பக்க ஜன்னலோரத்தையும், அக்காவுக்கென்று பக்கத்து வரிசையில் ஒன்றையும் மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அந்த ஓட்டுநர் ஒவ்வொரு ஆபத்தான ஓட்டத்துக்கு முன்னாலும் கொட்டாவி விடுவார். அதனால் கொட்டாவி என்றே அவருக்குப் பெயர். அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னது அவர்தான். அக்கா சொல்லவே இல்லை.

கையெழுத்துப் போடுகிறவர் ஒரு சுற்று வண்டியில் வர வேண்டும் என்று விதி உண்டு. மெத்தை எப்போதும் கண்ணாடி அறையில் இருந்தே கையெழுத்துப் போடுவார். அக்கா அந்த நான்கு பேர் முன்னால் போய் நின்றாள். "சார், விதிப்படி ஒரு ரவுண்டு வந்துடுங்க. இவங்களும் பார்க்கட்டும்."

மறுக்க வழியில்லை. உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "இதென்னம்மா, மூட்டைக்கெல்லாம் டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார். உங்களுக்கு மட்டும் பாஸ்." ஏழாவது வரிசையின் ஜன்னலோரத்தைக் காட்டினாள். பக்கத்து வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன நம்பர் போட்டிருக்க?"

"நீங்க கையெழுத்துப் போட்ட நம்பர்தான் சார். எழுபது."

கொட்டாவி ஒரு கொட்டாவி விட்டார். வண்டி வேகம் பிடித்தது. வழி காட்டத் தரையில் நிறுத்திய கூம்புகளுக்கு நடுவே இடப்பக்கம் வெட்டி, வலப்பக்கம் திருப்பினார். மெத்தையின் ஜன்னலுக்கு வெளியே தரை எழுந்து வந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் காற்றில் தொங்கின. கவிழாமல் தாங்குவதற்காகச் சோதனை வண்டிக்கு இருபுறமும் இரும்புக் கைகள் உண்டு. நண்டுக்கால் என்பார்கள். இடது நண்டுக்கால் கான்கிரீட்டில் உரசித் தீப்பொறி பறந்தது. மெத்தை "அம்மா" என்று அலறினார். அறுபதை நெருங்கிய மனிதர், குழந்தை மாதிரி. அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்றார் கொட்டாவி.

வண்டி நின்றதும் சொன்னாள்: "அந்த வண்டிக்கு நண்டுக்கால் இல்ல சார்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்க. இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு." கணினியில் நாற்பது என்று அடித்தாள். அதே வேகம், அதே கூம்புகள், அதே திருப்பம். வண்டி சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே யாரோ தோளைப் பிடித்து நிறுத்தியதுபோல நின்று, நிமிர்ந்தது. அவ்வளவுதான். அந்த இரண்டாவது சுற்றில்தான் அவர் வாந்தி எடுத்தாராம்.

"வேணும்னே பண்ணே நீ."

"ஆமா சார். வேணும்னுதான். நீங்க வேணும்னு பண்ணல. அதைத்தான் என்னால தாங்க முடியல."

இதைக் கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது. இன்றும் நினைத்தால் குளிர்கிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. இன்னும் நாலு சுற்று ஓட்டியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

வெளியே நின்ற நான்கு பேரும் பார்த்துவிட்டதால் மூடி மறைக்க முடியவில்லை. புது வண்டிக்கு நாற்பது என்று முடிவானது. மெத்தையை வேறொரு கிளைக்கு, இதைவிடப் பெரிய நாற்காலிக்கு அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. அவர் நன்றாக இருப்பதை என்னால் ஒருநாளும் மன்னிக்க முடியாது. அக்கா, "தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தாள். அவளை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். தண்டனை என்று ஒன்றை வாங்கியவள் அவள் மட்டும்தான்.

எழுபது வைத்து விற்ற வண்டிகள், கவிழ்ந்தது போக, முப்பத்தெட்டு. உரிமையாளர்களுக்குக் கம்பெனி ஒரு கடிதம் போட்டதோடு சரி. அக்கா பட்டியலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு பணிமனையாகப் போனாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எழுபதை நாற்பதாக்க ஒரு வண்டிக்கு ஒன்பது நிமிடம். "விடேன்க்கா, கம்பெனி பார்த்துக்கும்" என்று ஒருமுறை சொன்னேன். "கம்பெனி கையெழுத்துப் போடலடி, நான் போட்டேன்" என்றாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தபோதே அவள் இதயம் நின்றுவிட்டது. முப்பத்தேழு வண்டிகள் முடிந்திருந்தன. கடைசி வண்டி இரண்டு முறை கைமாறி, பதிவெண்ணும் மாறியிருந்தது. இப்போது வைத்திருப்பவரின் விலாசத்தை அவள் கண்டுபிடித்திருந்தாள். அவரிடம் பேசி, அந்த வார ஞாயிறு பத்து மணி என்று நேரமும் வாங்கியிருந்தாள். அவள் இறந்தது அதற்கு முந்தின வியாழக்கிழமை. அந்த வண்டியின் எழுபதை இன்னும் யாரும் மாற்றவில்லை.