ஜோடியாக ஒரு கண்மலர்

கழுகுமலை சாலையில் அன்று அந்தியில் ஆட்டு மந்தைக்குள் வண்டியை விடாமல் நான் நின்றது என் திறமையால் அல்ல. பின்னால் இருந்த என் மனைவி ராஜம் தோளைப் பிடித்து உலுக்கினாள். எதிரே வந்த லாரியின் விளக்கைச் சுற்றிக் கொசுவர்த்திச் சுருள் போல வளையத்துக்குள் வளையம். அதற்குள் ரோடும் இல்லை, ஆடும் இல்லை.

"ஏ அண்ணாச்சி, இத்தன உருப்படி நிக்கி, ஒண்ணு கூடவா கண்ணுக்குத் தெரியல?" என்றார் ஆடு மேய்ப்பவர்.

"தெரியாதுண்ணே. இவியளுக்கு ஒசந்த லென்சுல்லா வச்சிருக்கு," என்றாள் ராஜம்.  நான் இறங்கி வண்டியை ஓரமாக உருட்டினேன்.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். படிக்காமல் கையெழுத்துப் போடும் ரகம் அல்ல. கோவில்பட்டியில் வலது கண்ணுக்குப் புரை எடுத்தபோது, கிட்டப் பார்வை, எட்டப் பார்வை இரண்டையும் ஒன்றாகத் தரும் லென்ஸை நானேதான் கேட்டு வாங்கினேன். இனிக் கண்ணாடியே வேண்டாம் என்ற ஆசை. விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், எழுத்து கொஞ்சம் வெளிறலாம், மூளை பழகச் சில மாதங்கள் ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொன்னார். ஒப்புதல் படிவத்திலும் இருந்தது. வாசித்தேன், ஒப்பமிட்டேன். ஆகவே மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தேன், உண்மைதான். ஆனால் எழுத்தெல்லாம் மூன்றாவது கார்பன் நகல் மாதிரி இருந்தது. நாளெல்லாம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பேன். பிறகு மாற்றி மூடுவேன். காலண்டர், தெருவிளக்கு, ராஜத்தின் முகம், எல்லாம் தணிக்கைக்கு வந்தன. "கண்ணடிக்கிற வயசா இது?" என்றாள். சிரிக்க முடியவில்லை.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்றார். இடது கண்ணில் இன்னும் புரை இருந்தது. "அதுக்கும் இதே லென்ஸ் வச்சு, ரெண்டும் சேந்து வேலை செஞ்சா பெரும்பாலும் பழகிரும் சார். உறுதி மட்டும் தர முடியாது." ஒரு கண் போன வழியில் மற்றதையும் அனுப்பச் சொல்கிறாரே என்று நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அலுவலக மொழியில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம்.

தூக்கம் போனது. ஆற்றங்கரை மாரியம்மனிடம் மனதுக்குள் மனுப் போட்டேன். எனக்கு வேறு விதமாக வேண்டத் தெரியாது. பொருள்: வலது கண். பார்வை... அங்கேயே நின்றுவிட்டேன். அலுவலகக் கடிதத்தில் பார்வை என்றால் முந்தைய கடிதத்தின் எண். பணிக்காலம் முழுவதும் அந்தச் சொல்லை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதன் இன்னொரு அர்த்தம் நெஞ்சில் இறங்கியது. அழுதேன்.

ஆடி வெள்ளியன்று பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனோம். கண்ணுக்காக வேண்டிக்கொண்டவர்கள் வைக்கும் வெள்ளித் தகட்டுக் கண்மலரைக் கடையில் கேட்டேன். வலது கண் மட்டும்.

"ஒத்தக் கண்ணு விக்கிறதில்ல அண்ணாச்சி. சோடிதான்."

"எனக்கு ஒரு கண்ணுலதாம்ப்பா கோளாறு."

ராஜம் பொறுமை இழந்தாள். "ஆத்தாகிட்டயுமா பாகப்பிரிவினை? ஒரு கண்ண அவகிட்டக் குடுத்துட்டு இன்னொண்ணப் பையில வச்சிக்கிட்டு அலையப் போறியளா?"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்படித்தானே அலைந்துகொண்டிருந்தேன். ஜோடியை வாங்கிச் சன்னதியில் வைத்தேன். தீபாராதனை காட்டினார்கள். வளையங்கள்தான் தெரிந்தன, அம்மன் முகம் தெரியவில்லை. "எனக்குத் தெரியாவிட்டால் போகட்டும் தாயே, நீ என்னைப் பார்," என்றேன். மனு அவ்வளவுதான்.

அந்த மாதமே இடது கண்ணுக்கும் அதே லென்ஸ். மேசையில் படுத்திருந்தபோது பயம் போகவில்லை. அனுபவம் சொல்பவன் அதை மறைக்கக் கூடாது. கட்டு அவிழ்த்த அன்று மாலையும் வளையங்கள் அப்படியே இருந்தன. ஒரு கண்ணை மூடிப் பார்க்கக் கை எழுந்தது. மடக்கிக்கொண்டேன். புரட்டாசி போனது. ஐப்பசியில் எழுத்து கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. நம்பப் பயமாக இருந்தது.

தை வெள்ளியில் மறுபடி அதே சன்னதி. தீபத்தைச் சுற்றி மெலிந்த வளையம் ஒன்று இருந்தது. அதற்கு அப்பால் முகம் தெரிந்தது. மூக்குத்தியின் கல் தெரிந்தது. "தெரியுதா?" என்றாள் ராஜம். எந்தக் கண்ணையும் மூடிப் பார்க்காமலே தலையாட்டினேன்.

முழுக்கத் தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இருட்டிய பின் வண்டி எடுப்பதில்லை. மங்கிய இடத்தில் படிக்க இன்னொரு விளக்குப் போடச் சொல்கிறேன். மூளை பழகிவிட்டது என்கிறார் டாக்டரம்மா. பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

பயந்துபோய்ப் பாதியைக் கொடுத்துப் பாதியைப் பிடித்துவைத்திருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள், மீதியையும் அம்மன் காலடியில் வைத்துவிடுங்கள். அவள் ஜோடியாகத்தான் வாங்குவாள். நான் இப்போதும் தினமும் மனுப் போடுகிறேன். பொருள் என்ற வரி காலியாக இருக்கிறது. பார்வை: அவளுடையது.