அகஸ்டஸ் என்று கூப்பிட்டோம்

எழுபதுகளின் கடைசியில் புதுச்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் மருமகளாகப் போனேன். லாரி ஓட்டிய என் கொழுந்தனார் எங்கிருந்தோ ஒரு சாதி நாய்க்குட்டியைக் கொண்டுவந்து, அதற்கு ராஜா என்று பெயரும் வைத்துவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார்.

அந்தப் புத்திசாலி ஒன்றை மறந்துவிட்டார். என் மாமனார் பெயரில் பாதி ராஜா. அதை வீட்டுப் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது. சோறு வைப்பது நாங்கள், குளிப்பாட்டுவது நாங்கள். கூப்பிட மட்டும் முடியாது. கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்த நாயை நானும் மாமியாரும் "இந்தா, இந்தா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம். அது திரும்பிக்கூடப் பார்க்காது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியவரை "ஏனுங்க" என்கிறேன், சரி. நாயையுமா? சேலத்தில் கல்லூரிக்குப் போய் வரலாறு படித்தவள் நான். இந்த ஜில்லாவில் எந்த மாமனாருக்கும் இருக்க முடியாத பெயராக ஒன்றைப் பிடித்தேன்: அகஸ்டஸ்.

"அது ஆரு சாமி?" என்றார் மாமியார்.

"அந்தக் காலத்துல ரோமாபுரிய ஆண்ட ராசாங்க அத்தை."

"நம்ம சொந்தத்துல ஆருக்கும் அந்தப் பேரு இல்லியே?"

"இல்லீங்க."

மாமனார் ஒப்பவில்லை. "வாயில நொழயாத பேரு. ஊட்டுப் பொம்பளைக வாசல்ல நின்னு கத்தறதுக்கா? ராஜாவே இருக்கட்டும்."

நான் மறுநாள் காலை வாசலில் நின்று, பக்கத்துத் தோட்டம்வரை கேட்கும்படி "அகஸ்டஸ்!" என்று கூப்பிட்டுச் சோறு வைத்தேன். அந்த வீட்டில் நான் உரக்கச் சொன்ன முதல் ஆண் பெயர் அது. சுகமாக இருந்தது. திட்டு விழுந்தது. அடுத்த வேளை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். சோறு போடுகிறவள் சொல்வதுதானே நாய்க்குப் பெயர்? கொஞ்ச நாளில், மாமனார் ராஜா என்றால் அது வாலைக்கூட ஆட்டவில்லை.

மாமியார் மட்டும் பயந்துகொண்டு "இந்தா"விலேயே இருந்தார். ஒரு மத்தியானம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"டேய் அகஸ்டசு! எத்தன தடவடா கூப்புடறது? வாடா இங்க!"

பெற்ற பிள்ளைகளைக்கூட சாமி, சாமி என்றே அழைத்த வாய் அது. நான் அசந்து நின்றேன். கிணற்றுப் பக்கமிருந்து வந்த மாமனாரும் நின்றுவிட்டார்.

"ஆரப் புடிச்சு டேய்ங்கற?"

"நாயத்தானுங்க," என்றார் மாமியார், தலையைக் குனிந்து, என்றைக்கும் உள்ள மரியாதையோடு.

மாமனார் நகரும்வரைகூட அவர் பொறுக்கவில்லை. நிமிர்ந்து, முன்னைவிட உரக்க, "வாடா அகஸ்டசு!" என்றார்.