கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னவர்

இந்த வருடம் எங்கள் கரும்பைப் பார்க்க வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கடல்பாசிச் சாறும் சிலிக்காவும் தெளித்ததில் தோகை விறைத்து நின்றது. பேய்க்காற்று அடித்தும் கரும்பு சாயவில்லை. அந்த மருந்தை விற்ற கம்பெனியின் அதிகாரி விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்தார்.

அன்றும் கூலிக்கு வந்த மாரியக்காவும் மற்ற பெண்களும் கரும்பில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்தார்கள். தோகை அறுக்காமலிருக்க, இராஜபாளையத்து பேண்டேஜ் மில்லில் கழித்துவிட்ட துணியை முழங்கைவரை சுற்றியிருந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம்.

"கைக்கட்டை அவுத்துட்டு நில்லுங்கம்மா. படத்துல ஆஸ்பத்திரி மாதிரி தெரியுது," என்றார் அதிகாரி.

மாரியக்கா மறுபேச்சில்லாமல் அவிழ்த்தார். கை நெடுகக் கீறல். சிலவற்றில் ரத்தம் காயவில்லை.

"இந்த வருசம் தோகை எம்புட்டு வெறைப்பு! துணியையும் கிழிச்சுட்டுல்லா வருது," என்றார்.

அதிகாரி முகத்தைச் சுளித்தார். "சரி, கட்டிக்கோங்க. சார், நீங்க மட்டும் கரும்போட நில்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடுத்தா அந்தக் கையோட எடுங்க. இல்லேன்னா கேமராவத் தூக்கிட்டுக் கெளம்புங்க!" என்று கத்தினேன். கிளம்பிவிட்டார்.

மருந்து நல்ல மருந்துதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். தண்டு தடிக்கும், சர்க்கரை கூடும் என்று பாட்டிலில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. உரிப்பவர் கை என்ன ஆகும் என்று ஒரு எழுத்து இல்லை. அதிகாரியைத் திட்டியதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் தினமும் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கரும்பின் உயரத்தையே அண்ணாந்து பார்த்தவன் நான்.