சத்துப் போன தண்ணீர்

பீளமேட்டில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தபோது, வெயிலைத் தண்ணீரில் சேமித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஒரு பேட்டரி வாங்கி வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்த வயதில் சுலபமாக முடிகிற வேலையை யார் செய்வார்கள்?

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில்தான் சோதனை. பகலில் கல்லூரியின் சோலார் தகடு ஒரு குட்டி மோட்டாரை ஓட்டி, தோப்பு வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும். இருட்டியதும் குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுந்து சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் சைக்கிள் டைனமோவைச் சுற்றும், பல்பு எரியும். ஒரு பகல் வெயிலுக்கும் ஒரு தொட்டித் தண்ணீருக்கும் கிடைத்தது சைக்கிள் விளக்கு வெளிச்சம், அதுவும் கொஞ்ச நேரம். அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் மேலே படிப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். சோதனையைப் பார்க்க என் பேராசிரியர் வரப்போகிறார் என்றதும் ஒரு நிபந்தனை போட்டார்.

"புரொபசரு வர்ற அன்னிக்கு பல்பு எரிஞ்சா மேல படி அம்மணி. எரியலீன்னா வைகாசில கல்யாணம்."

அந்த நாளும் வந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து பேராசிரியரை அழைத்து வந்து, இருட்டியதும் ஜம்பமாகக் குழாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. மாடிக்கு ஓடிப் பார்த்தால் தொட்டி காலி. கீழே, புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளின் பாத்தியெல்லாம் ஈரம்.

"ஏனுங்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கத்தினேன். கல்யாணத்துக்காகத் திட்டம் போட்டுக் கெடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

அப்பா திகைத்துப் போனார். "கரண்டு எடுத்துப்போட்டா அது சத்துப் போன தண்ணியாயிரும் கண்ணு. சக்கைய ஊத்துனா மரம் பொழைக்குமா? அதான் நீ எடுக்கறக்கு முன்னாலயே பாச்சிப்போட்டேன்." பேராசிரியரிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார், கரண்டு எடுத்த பொறவு அதுல என்னங்க இருக்கும்?"

"தண்ணிதானுங்க இருக்கும்," என்றார் பேராசிரியர். அதற்கு மேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாளைக்கு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே அப்பா பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிட்டார். மாடு வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. காய்கிற மண்ணையும் நிறைகிற தொட்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. அது அவருக்கே தெரியும்.

இருட்டியபின் அவர் திரும்பி வந்தபோது, பேராசிரியர் முன்னால் பல்பு எரிந்துகொண்டிருந்தது. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பாத்திக்கு ஓடியது. அப்பா குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். பிறகு பல்பைப் பார்த்தார்.

"இத்தனூண்டு வெளிச்சத்துக்குத்தானா இத்தன பாடு?"

"ஆமாங்ப்பா."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி சொன்னார்: "மாப்ள ஊட்டுக்காரங்கள வேற பக்கம் பாத்துக்கச் சொல்லிப்போட்டுத்தான் வாரேன். சந்தைலயே அவங்கப்பன் இருந்தாரு."

சந்தையில் அதைச் சொன்னபோது அவர் பல்பு எரிவதைப் பார்த்திருக்கவே இல்லை.