சிடுமூஞ்சியின் கோடைப் பயிற்சி

வசதியில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சி கற்றுத்தருகிறோம் என்று அந்த ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு கோடையிலும் கிளம்பிவிடும். கற்றுத்தருவது கொஞ்சம், கற்றுத்தருவதைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டுவது மிச்சம். வெள்ளை அங்கியைக்கூடப் புதிதாகத் தைத்துக் கொடுத்தார்கள். முதுகில் நன்கொடையாளரின் பெயர், மார்பில் நன்கொடையாளரின் சின்னம். உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அங்கேதான் சிடுமூஞ்சி போய்ச் சேர்ந்தாள். வீட்டில் விழுந்த பெயர் அது. பிறந்ததும் நர்ஸைப் பார்த்தே முகத்தைச் சுளித்தாளாம். அப்பா லாரி ஓட்டப் போனவர், போனவர்தான். அம்மா துணி தேய்த்து அவளைக் கல்லூரிவரை கொண்டுவந்தாள். சிடுமூஞ்சி யாரையும் மெச்ச மாட்டாள். கல்லூரி முதல்வர் பேச்சு அறுவை, தோழிகளின் காதல் பேத்தல், உலகமே அவளுக்கு அரைவேக்காடு. மைக்ராஸ்கோப்பை மட்டும்தான் மரியாதையாகப் பார்த்தாள்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் அவள் மதிப்பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு துக்கம் விசாரிப்பவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல யாருக்காவது கேன்சர் வந்திருக்காம்மா?"

"இல்ல சார். யாருக்கும் இல்ல."

அவர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் அந்த மதிப்பெண்ணை ஒதுக்க முடியாமல் சேர்த்துக்கொண்டார்.

அவள் சொன்னது பச்சைப் பொய். அம்மாவுக்கு மார்பில் வந்து, ஒரு பக்கத்தை எடுத்தாகிவிட்டது. அக்குளிலும் கத்தி வைத்ததில் வலக்கை வீங்கிப்போய், இடக்கையால் தேய்க்கப் பழகிக்கொண்டிருந்தாள். அம்மாவின் நோவை இந்தக் கும்பலுக்கு வேடிக்கை காட்டுவதா என்று சிடுமூஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ரோஷம் என்று அவளே தனக்குப் பட்டமும் கொடுத்துக்கொண்டாள்.

பயிற்சி முடிவில் ஒரே ஒருவரை மட்டும் ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்வார்கள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். அதை வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்ன ஆவது? அம்மாவிடம்கூட, "சும்மா பொழுதுபோக்குக்குப் போறேன்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு ஏற்றிய அதே மருந்தைப் புற்றுச் செல்களின்மேல் போட்டுப் பார்ப்பதுதான் அவளுக்குக் கிடைத்த வேலை. மருந்து போட்ட தட்டுகள் ஒரு வரிசை, போடாத தட்டுகள் ஒரு வரிசை. எல்லாம் இன்குபேட்டருக்குள், உடம்புச் சூட்டில், அளந்து விட்ட கரியமில வாயுவில் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் கை உள்ளே போய் வருவதற்குள் சாத்திவிட வேண்டும். பழக்கிக்கொடுத்த ஆராய்ச்சி மாணவியை எல்லோரும் அக்கா என்பார்கள். அந்த அக்காவே மெச்சும்படி சிடுமூஞ்சியின் கை சுத்தமாக இருந்தது.

நிறைவு விழா நெருங்கிய ஒரு சனிக்கிழமை நன்கொடையாளர்கள் வந்தார்கள். பெரிய டாக்டர் வாயெல்லாம் பல்லாக ஓடினார். உள்ளே தட்டுகள் படத்தில் தெரியவில்லை என்று போட்டோக்காரர் இன்குபேட்டர் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். பிள்ளைகளை வாசலோடு அனுப்பிவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நாற்காலியை எடுக்க ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் தட்டுகளில் செல்களை வளர்க்க ஊற்றியிருந்த சிவப்புத் திரவம் ஊதாவாகி, பாதி வற்றி, செல்கள் மொத்தமும் செத்துக் கிடந்தன.

"திரும்பச் செய்ய நேரமில்ல. மருந்து போட்ட தட்டை மட்டும் காட்டு, போதும்," என்றார் பெரிய டாக்டர். "மருந்து கேன்சரைக் கொன்னுடுச்சுன்னு சொல்லு. கை தட்டுவாங்க."

விழாவில் அவளுக்கு முன்னால் பேசிய பயிற்சி மாணவன் கண்ணீர்க்குடம். பெயர் அவள் வைத்ததுதான். அவன் தட்டுகளும் செத்தவைதான். அவன் தட்டைப் பற்றி மூச்சே விடாமல், கேன்சரில் போன மாமாவைப் பற்றிப் பேசி உடைந்து அழுதான். முன்வரிசை மூக்கைச் சிந்தியது.

சிடுமூஞ்சி மைக்கைப் பிடித்தாள். "மருந்து போட்ட தட்டுலயும் செல் செத்துடுச்சு, போடாத தட்டுலயும் செத்துடுச்சு. போட்டோ எடுக்கத் திறந்த கதவை யாரும் மூடல. அதனால மருந்து வேலை செஞ்சுதான்னு எனக்குத் தெரியாது."

பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. இடம் கண்ணீர்க்குடத்துக்குப் போனது.

வாசல்வரை கூடவே வந்த அக்கா சொன்னாள்: "நீ உண்மையைச் சொன்னதுல அவருக்குக் கோபம்தான். ஆனா இடம் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. 'திறமைதான், ஆனா இந்த நோயைப் பத்தி இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும், நாளைக்கே வேற பக்கம் போயிடுவா'ன்னு போன வாரமே சொல்லிட்டார்."

வீட்டுக்கு வந்தவள், துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அத்தனை பேரையும் நடித்துக் காட்டினாள். பெரிய டாக்டரின் தாழ்ந்த குரல் அப்படியே வந்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வீட்டுல யாருக்காவது வந்திருக்கான்னு கேட்டாரா? நீ என்ன சொன்ன?"

"யாருக்கும் இல்லன்னேன்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏன்?"

"உன்னைக் காட்டி நான் எடம் வாங்கணுமாம்மா? அவங்க அழுறதுக்கு நீதான் கெடைச்சியா?"

"அப்போ அந்த எடம் உனக்கு வேணும்னு இருந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

சிடுமூஞ்சி தேய்த்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"மொட்டைத் தலையோட வீடு வீடாப் போய்த் துணி வாங்கினவடி நான். கேட்டவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். எனக்கு இல்லாத வெட்கம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு? அந்தப் பையன் செத்துப்போன மாமாவைச் சொல்லிட்டான். உயிரோட இருக்கிற என்னைச் சொல்ல உனக்கு வாய் வரல. நான் செத்திருந்தா சொல்லியிருப்பியா?"

அம்மா வீங்கிய கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை நகர மாட்டேன் என்பதுபோல நின்றாள்.