தேர் வரும் தெருவில் எங்கள் லொறி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு நான்கு சில்லுகள் இருந்தன. ஒரு சின்ன லொறி, அதன் முதுகில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அப்பா, அம்மா, நான். புறநகரான திரான்சியில் நாங்கள் இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். அடுத்த வீடு கிடைக்கும்வரை ஓரிரு மாதம் என்று சொல்லி அப்பா இதை வாங்கினார். அந்த ஓரிரு மாதம் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. உள்ளே இருந்தவற்றை இப்போதும் ஒழுங்காகச் சொல்வேன்: மடிப்புக் கட்டில், சாரதியின் தலைக்கு மேலே என் படுக்கை, ஒற்றை அடுப்பு, தண்ணீர்க் கான்கள், சாமிப்படம், புத்தகப்பை. ஒன்று இடம் மாறினாலும் கதவு பூட்டாது.

அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. நாங்கள் அதில் குடியிருப்பது, தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. யாரும் கேட்டால் அது அப்பா சாமான் ஏற்றும் வண்டி; எங்கள் வீடு சற்றுத் தள்ளி, மார்க்ஸ் டோர்மோய் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அம்மா என்னை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவந்து, தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் கதவைத் திறப்பார்.

தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் அப்பா வண்டியைத் தேர் வரும் தெருவிலேயே நிறுத்தினார். அது அம்மாவின் ஆசை. கடைக்காரர்கள் வாசலில் மேசை போட்டு நிறைகுடம் வைப்பார்கள். தேர் அங்கெல்லாம் நின்று அர்ச்சனை வாங்கிப் போகும். எங்களுக்கு வாசல் இல்லாதபடியால் வண்டி நிற்கும் இடத்தை வாசலாக்குவது என்று திட்டம். காலையில் மேசையை நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டு, தெருவை மூடுவதற்கு முதல் வண்டியைப் பக்கத்துத் தெருவுக்கு எடுத்துவிடலாம்.

காலையில் மேசையை இறக்கி வைத்துவிட்டு அப்பா சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. மறுபடியும் 'டக்'. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் மின்விளக்குப் பூட்டித் தந்தவர் அம்மாவின் தமையன், என் மாமா. இயந்திரத்துக்கும் விளக்குக்கும் ஒரு பற்றரியே போதும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். இரவு அம்மா மோதகம் அவித்து முடிக்கும்வரை எரிந்த விளக்கு, பற்றரியையும் முடித்துவிட்டது. இன்று மின்தூக்கி திருத்துவது என் தொழில். மாமா செய்ததை நான் செய்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

தேருக்காகத் தெருவைக் காலியாக்கத் தெருமுனையில் இழுவை வண்டி வந்து ஒரு வெள்ளைக் காரை, பூனை குட்டியைக் கவ்வுவதுபோலத் தூக்கியது. எங்கள் லொறியின் பரிசோதனைப் பத்திரம் காலாவதியாகியிருந்தது. கொண்டுபோனால் திருப்பி எடுக்க ஏலாது, படுக்கவும் இடமில்லை என்று அப்பா மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது.

வடம் பிடிக்க வேட்டியோடு வந்த மாமா முன்மூடியைத் திறந்து நீண்ட விளக்கம் கொடுத்தார்.

"அண்ணை, உங்கடை விளக்கத்துக்கு வண்டி ஓடாது" என்றார் அம்மா. பிறகு என்னை இழுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். அதே தெருவில் கடை வைத்திருந்த மரக்கறிக்கடை அண்ணை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"என்ன, ஸ்டார்ட் வருகுதில்லையோ?"

"ஓம் அண்ணை. சாமான் வண்டி. நேற்று விட்டிட்டுப் போனனான்" என்றார் அப்பா.

"ஓம், ஓம்" என்றவர், வடம் பிடிக்க நின்ற பெடியன்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தேர் இழுக்க வரச் சொல்லிப்போட்டு லொறி தள்ள விடுறியளே?" என்றான் ஒருவன்.

"இது வெள்ளோட்டமடா!" என்றான் மற்றவன்.

வெறும் முதுகுகள் எங்கள் யன்னலை மறைத்தன. 'அரோகரா' என்று ஒரு சத்தம். வீடு அசைந்தது. அம்மா ஒரு கையால் பால்சட்டியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டார். திருப்பம் வந்தபோது கடைக்கார அண்ணையின் குரல் கேட்டது.

"மெல்லமாப் பிள்ளையள், மெல்லமா! உள்ளை அடுப்பிலை ஏதும் இருக்கும்." பிறகு பெட்டியில் இரண்டு தட்டு. "தங்கச்சி, பிள்ளையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. திருப்பப் போறம்."

"ஓம் அண்ணை" என்று அம்மா தன்னை அறியாமல் பதில் சொல்லிவிட்டார்.

லொறி பக்கத்துத் தெருவில் போய் நின்றது. இழுவை வண்டி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனது. பெடியன்கள் கையைத் தட்டிவிட்டு வடத்துக்கு ஓடினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா பெட்டியின் படியில் குந்தி, சட்டை வியர்வையில் நனைந்திருக்க, சிரி சிரி என்று சிரித்தார். பிறகு தேர் வந்தது. எங்கள் மேசைக்கு முன்னாலும் நின்றது. ஐயர் எங்கள் மூன்று பேரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சொன்னார்.

"நாங்கள் இதுக்கை இருக்கிறதை மரக்கறிக்கடை அண்ணைக்கு நீங்கள் சொன்னனீங்களோ?" என்று அம்மா பின்னேரம் கேட்டார். சத்தியமாக இல்லை என்றார் அப்பா. அம்மா கண்ணைத் துடைத்தார். ஆபத்து எல்லாம் போனபிறகு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அம்மா லொறிக் கதவுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே கயிறு கட்டி, என் பள்ளிக்கூட உடுப்புகளைப் பட்டப்பகலில் காயப் போட்டார். மரக்கறிக்கடை அண்ணை அந்த வழியால் போனார். அம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். நல்ல வெயில், அதனால்தான் என்று நான் நினைத்தேன்.